பழைய ஃப்ளாட்டில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சாமான்கள்: ஏரேட்டர் முதல் மீட்டர் வரை, எது தேறியது?

குழாய் வாயில் மாட்டித் தண்ணீர் ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், கண்டிப்பாக வாங்கலாம், ஆனால் டப்பா மேல் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். நீங்கள் எந்த மாடியில் குடியிருக்கிறீர்கள், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து உங்கள் குழாய் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் அசோசியேஷனில் ஒரே மாதிரி ஏரேட்டரை எல்லா வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார்கள், மேல்மாடிக்காரர்கள் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் வீட்டிலும் சாமான் ஒன்றுதான். ஆன்லைனில் இந்தச் சாமானுக்குக் கீழே 'சூப்பர்' என்று ஐந்து நட்சத்திரமும் 'தண்ணியே வரல' என்று ஒரு நட்சத்திரமும் மாறி மாறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

வீடு சென்னையில், வேளச்சேரிப் பக்கம். கீழே வண்டி நிறுத்தும் இடம், அதன்மேல் நாலு மாடி, தொண்ணூறுகளின் கடைசியில் கட்டியது. போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. மெட்ரோ வாட்டர் சம்ப்பில் வந்து விழும், கோடை வந்துவிட்டால் லாரிதான். புதிதாக எழும்புகிற பெரிய குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷ்ஷுக்குத் திரும்ப அனுப்ப வரைபடத்திலேயே தனி லைன் போட்டுவிடுகிறார்கள். எங்களைப் போன்ற கட்டடத்தில் அதற்கெல்லாம் வழியில்லை, சுவரை உடைக்காமல், டைல்ஸைப் பெயர்க்காமல், குடியிருப்பவர்களுக்கு ஒருநாள்கூடத் தண்ணீரை நிறுத்தாமல் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்ய முடியும். ஆகவே இந்த ரிவ்யூ பழைய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காய்ந்துபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அப்புறம் மழை பெய்தது, எல்லோரும் பழையபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே பல் தேய்க்க ஆரம்பித்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்கள் வற்றி, அங்கே குடிநீர் வாரியம் வணிகக் கட்டடங்கள், ஹோட்டல்கள், அபார்ட்மெண்டுகள் போன்ற இடங்களில் மார்ச் 31க்குள் ஏரேட்டர் பொருத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டபோதுதான் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வார்த்தையே வந்தது. அடுத்த ஊரில் பஞ்சம் வந்த பிறகாவது வந்ததே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஏரேட்டர் என்பது குழாய் வாயில் திருகிப் பொருத்தும் சின்ன மூடி. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு தண்ணீரைப் பொடித் துளைகள் வழியாக விட்டு அளவைக் குறைக்கும், ஓரத்து இடுக்கு வழியாகக் காற்றை இழுத்து அதோடு கலக்கும். அதனால் குறைந்த தண்ணீரே தடிமனாக, வெள்ளையாக, கையில் மெத்தென்று விழும், சட்டையில் தெறிக்காது. சாதாரணக் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை போகும் என்று சொல்வார்கள். ஏரேட்டர் 3 லிட்டர், 6 லிட்டர், 8 லிட்டர் என்று பல அளவில் கிடைக்கிறது. எங்கள் அசோசியேஷன் வாங்கியது 3 லிட்டர் ரகம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம் என்று நினைத்து எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள்.

பொருத்துவதற்கு முன்னாலும் பின்னாலும் அளந்து பார்த்தோம். ஐந்து லிட்டர் குறி இருக்கும் ஒரு பக்கெட்டும் போனில் ஸ்டாப்வாட்சும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அளக்கலாம். முதல் மாடி வாஷ்பேசினில் முன்பு நிமிடத்துக்குப் பதினொன்று லிட்டர் போல வந்தது, பொருத்திய பிறகு இரண்டு லிட்டர். கை கழுவ, முகம் கழுவ அது தாராளம். நாலாவது மாடியில் முன்பே ஆறரை லிட்டர்தான், பொருத்திய பிறகு ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டியது. காற்றும் கலக்கவில்லை, நூல் மாதிரி நாலைந்து கோடாக இறங்கியது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "இதுல மூஞ்சி கழுவி முடிக்கறதுக்குள்ள ஆபீஸுக்கு நேரமாயிடும்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

காரணம் எளிமையானது. டப்பாவில் இருக்கும் 3 லிட்டர் என்ற எண் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்தது. 3 பார் என்றால் தலைக்கு மேல் 30 மீட்டர் உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும், கிட்டத்தட்ட பத்து மாடி உயரம். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் பிரஷர் பம்ப் கிடையாது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்குவதுதான். எங்கள் நாலாவது மாடிக் குழாய்க்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையே நாலரை மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது அரை பார்கூட இல்லை. முதல் மாடிக்குப் பதிமூன்று பதினாலு மீட்டர், 1.3 பார். அழுத்தம் நாலில் ஒரு பங்கானால் ஓட்டம் பாதியாகும், இது பள்ளிக்கூடக் கணக்கு. அதன்படி போட்டுப் பார்த்தால் 3 லிட்டர் ஏரேட்டர் முதல் மாடியில் இரண்டு லிட்டர் தரும், நாலாவது மாடியில் ஒன்றேகால்கூடத் தராது. நாங்கள் பக்கெட்டில் அளந்ததும் அதுவேதான். அதே கணக்கில் 8 லிட்டர் ரகத்தை நாலாவது மாடியில் போட்டால் மூன்று லிட்டர் வரும், அங்கே தேவைப்படுவதும் அந்த மூன்றுதான்.

அதனால் மேல் இரண்டு மாடிக்கு 8 லிட்டர் ரகம் வாங்கி மாற்றினோம். பெரியவர் வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது, கழற்றச் சொல்லவில்லை. கீழ் இரண்டு மாடிக்கு வாஷ்பேசினில் 3 லிட்டரையே விட்டுவிட்டோம். விலை ஒன்றுக்கு நூற்றைம்பதிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பித்தளை உடம்பு, உள்ளே கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் துண்டு, இந்த மாதிரி வாங்குங்கள். முழுக்க பிளாஸ்டிக்கில் குரோம் பூசியது மலிவுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் மரை இறுகி, திருகும்போது உடைந்து பாதி குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு ரகம் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அழுத்தம் கூடினால் அது விரிந்து துளையை நெருக்கும், குறைந்தால் தளரும், ஆக அழுத்தம் என்னவானாலும் ஓட்டம் ஒரே அளவில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, விலையும் கூடுதல். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு பாராவது வேண்டும், நாலாவது மாடியில் அதனால் பிரயோஜனம் இல்லை. யாருக்கு உபயோகம் என்றால், மேல்மாடியில் தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று சொந்தமாக பிரஷர் பம்ப் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. எங்கள் கட்டடத்தில் அப்படி இரண்டு வீடு உண்டு. அங்கே குழாயைத் திறந்தால் பீய்ச்சிக்கொண்டு வரும், ஷவரில் குளித்தால் ஐந்து நிமிடத்தில் நாலு பக்கெட் போய்விடும். கட்டடத்திலேயே அதிகம் மிச்சமானது அந்த இரண்டு வீட்டில்தான். உங்கள் வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இந்த ரப்பர் வளைய ரகத்தையே வாங்குங்கள், ஷவருக்கும் அதே மாதிரி ஒரு வில்லை கிடைக்கிறது, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

சமையலறை வேறு விஷயம். அங்கே 3 லிட்டர் ரகத்தைப் போட்டால் எண்ணெய்ப் பாத்திரம் கழுவவே முடியாது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா பார்த்ததுமே, "இதுல குக்கர் கழுவினா விடிஞ்சிரும்மா" என்றார். பாத்திரத்துக்கு ஓட்டத்தில் ஒரு வேகம் வேண்டும், இல்லாவிட்டால் அதிக நேரம் திறந்து வைப்பார்கள், மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போய்விடும். சிங்க்குக்கு இரண்டு மாதிரி ஓட்டம் தருகிற, எல்லாப் பக்கமும் திரும்புகிற ஏரேட்டர் கிடைக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் ஷவர் மாதிரி தூவும், மறுபக்கம் தள்ளினால் தடித்த ஓட்டம். அரிசி, காய்கறி கழுவத் தூவலும், குக்கருக்கு ஓட்டமும் என்று அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். நாலைந்து லிட்டர் உண்மையில் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். பனிப்புகை மாதிரி தூவி 90 சதவீதத்துக்கு மேல் மிச்சம் என்று விற்கிறார்களே, அது ஹோட்டலில் கை கழுவுகிற இடத்துக்குச் சரி. வீட்டுச் சமையலறைக்கு அது ஆகவே ஆகாது.

பக்கெட் பிடிக்கிற குழாய்க்கு ஏரேட்டர் தேவையே இல்லை. பக்கெட் 18 லிட்டர் என்றால் ஏரேட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 18 லிட்டர்தான் நிரம்பும், நேரம்தான் கூடும். குடம், வாஷிங் மெஷின், ஃப்ளஷ் டேங்க் எல்லாவற்றுக்கும் இதே கதை. பக்கெட்டில் மொண்டு குளிக்கும் வீடுகளில் பாத்ரூம் குழாய்க்குக் காசு செலவழிக்காதீர்கள். எங்களுக்குச் சாமான் விற்ற கடையில் வீட்டுக்கு எட்டு வாங்கச் சொன்னார்கள், உண்மையில் வேண்டியது மூன்று அல்லது நாலு.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் கணக்கு இப்படி வரும். ஒரு வீட்டில் வாஷ்பேசினும் சிங்க்கும் சேர்ந்து ஒரு நாளில் பத்து நிமிடம் ஓடுகிறது, நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 100 லிட்டர். அது மூன்றாகக் குறைந்தால் 30. ஆக வீட்டுக்கு 70 லிட்டர், இருபது வீட்டுக்கு 1,400. ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஒன்பது நாளைக்குள் மிச்சமாகிவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டரில் 70 என்றால் சின்னத் தொகை இல்லை.

இனி இதன் பெரிய குறை. உப்புத் தண்ணீரில் ஏரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வாஷ்பேசினில் இருந்ததைக் கழற்றி வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்த்தேன். வலையின் மேல்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவம், அதில் ஒட்டிக்கொண்டு செங்கல் நிறத்தில் கடுகைவிடச் சின்னதாகத் துருத் துகள்கள், ஒரு துண்டு டெஃப்லான் டேப், கொஞ்சம் மணல். துரு எங்கிருந்து வருகிறது என்றால், எங்கள் டக்ட்டில், அதாவது பைப்புகள் இறங்கும் சந்தில், இருப்பது இன்னும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், அது உள்ளே உதிர்கிறது. பாதி எலுமிச்சையைப் பிழிந்த வெந்நீரிலோ வினிகரிலோ ராத்திரி போட்டுவைத்து, காலையில் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடுகிறது. லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வருகிற இடங்களில் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யத்தான் வேண்டும். முடியாது என்பவர்கள் வாங்கவே வேண்டாம். தொட்டி கழுவுகிற அன்று மட்டும் எல்லா ஏரேட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, கலங்கல் போகும்வரை தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்த பிறகு மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் எல்லாம் அடைத்துவிடும்.

பழைய குழாய்களுக்கு மரை பெரிய பிரச்சினை. இப்போது வருகிற குழாய்களில் வாய்க்கு உள்பக்கம் மரை இருந்தால் 24 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் மரை இருந்தால் 22 மில்லிமீட்டர், இந்த இரண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தொண்ணூறுகளில் போட்ட பித்தளைக் குழாய்க்கு வாயில் மரையே கிடையாது, வழுவழு என்று இருக்கும். அதற்கு ரப்பர் பட்டை போட்டு இறுக்கும் அடாப்டர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். குழாயை வேகமாகத் திறந்தால் கழன்று சிங்க்கில் விழுகிறது. கடைக்குப் போகும்போது பழைய மூடி இருந்தால் அதைக் கையோடு எடுத்துப்போங்கள், அளவு பார்த்து வாங்க அதைவிட நல்ல வழி இல்லை.

மரை இல்லாத குழாய்க்கு எங்கள் பிளம்பர் அண்ணா செய்து காட்டியது செலவே இல்லாதது. வாஷ்பேசினுக்கு அடியில் பைப் சுவரிலிருந்து வரும் இடத்தில் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வு இருக்கும் இல்லையா, அதைப் பாதிக்குமேல் மூடிவிட்டார். மேலே குழாயை முழுக்கத் திறந்தாலும் நாலு லிட்டருக்கு மேல் வராது. காற்று கலக்காது, ஓட்டம் மெல்லியதாக இருக்கும், ஆனால் அடைப்பு இல்லை, எலுமிச்சை இல்லை, காசு இல்லை. "இத்தனை வருஷமா அது முழுசா தொறந்தே கெடக்குதும்மா, யாரும் தொட்டதில்ல" என்றார். தொட்டதில்லை என்பதால் ஒரு ஜாக்கிரதை: பல வருடம் திருகாத ஆங்கிள் காக்கைத் திருகினால் தண்டு வழியாகக் கசியலாம், அதனால் பிளம்பர் இருக்கும்போதே செய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து ஃப்ளஷ் டேங்க். பழைய சிஸ்டர்ன் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் இறக்கும். சின்னப் பொத்தானுக்கு 3, பெரியதற்கு 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள வால்வு செட் தனியாகக் கிடைக்கிறது, பழைய டேங்க்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வீட்டில் மாட்டிப் பார்த்தார்கள். சிறுநீருக்குச் சரியாக இருக்கிறது. பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர் பழைய பீங்கானுக்கு, அதாவது டாய்லெட் கோப்பைக்கு, போதவில்லை. அந்தப் பீங்கானின் வளைவு பத்துப் பன்னிரண்டு லிட்டருக்காக வார்த்தது, குறைந்த தண்ணீரில் ஒரே தடவையில் அடித்துக்கொண்டு போகாது, இரண்டாவது தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. செட்டில் தண்ணீர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் பெரிய பொத்தானை எட்டு லிட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீங்கானையே மாற்றுவதாக இருந்தால் வேறு விஷயம், ஆனால் அது தரையை உடைக்கிற வேலை. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி டேங்க்குக்குள் வைக்கும் பழைய வழி இன்றும் நல்ல வழிதான். மிதவையில் இடிக்காத மூலையாகப் பார்த்து வையுங்கள். செங்கல் மட்டும் போடாதீர்கள், கரைந்து துகள் வால்வில் போய் உட்காரும்.

வால்வு செட்டைவிட முக்கியம் கசிவு. டேங்க்கிலிருந்து பீங்கானுக்குள் சத்தமே இல்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கேசரிக்குப் போடும் கலர் பொடி ஒரு சிட்டிகை டேங்க்கில் போட்டுவிட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பீங்கானில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் கசிகிறது. எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக இந்தப் பரிசோதனையைச் செய்ததில் கசிவு இருந்த வீடுகள் எல்லோரும் நினைத்ததைவிட அதிகம். நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர், ஒரு ஆளுக்கான முழு ஒதுக்கீட்டைவிட அதிகம். அதைச் சரிசெய்தது ஒரு ரப்பர் வாஷர். சொட்டும் குழாயும் இப்படித்தான், நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் ஒரு பக்கெட்டுக்கு மேல் போகும். ஏரேட்டருக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் வாஷர்களை மாற்றிவிடுங்கள்.

மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டி நிறைந்து வழிந்து மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடுவது எந்தத் தெருவிலும் பார்க்கிற காட்சி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாலு மாடி உயரத்துக்கு நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் தள்ளும், பத்து நிமிடம் வழிந்தால் 500 லிட்டர். வாட்ச்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் ஒருவரே கேட், லிஃப்ட், மோட்டார், கொரியர் எல்லாம் பார்க்கிறார். கன்ட்ரோலரில் இரண்டு வகை. கம்பிகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மின்னோட்டத்தை வைத்து மட்டம் அறிவது ஒன்று, மிதவை மேலே வந்து சுவிட்சை அணைப்பது இன்னொன்று. எங்களுக்கு முதலில் வந்தது கம்பி வகை. போர் தண்ணீரில் கம்பி மேல் உப்பு ஏறி, தொட்டி நிறைந்ததே தெரியாமல் மோட்டார் ஓடியது. மிதவை வகைக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் மிதவை வகையே வாங்குங்கள், விலையும் குறைவு. சம்ப்பிலும் ஒரு மிதவை போட்டுவிட்டால் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடி அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிவதும் நின்றுவிடும்.

குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் பற்றி இரண்டு வரி. ஒரு லிட்டர் குடிக்கக் கிடைத்தால் மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளுகிற மெஷின்கள்தான் வீடுகளில் அதிகம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓவைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே சொன்னது. மெட்ரோ வாட்டர் மட்டும் குடிப்பவர்கள் முதலில் டிடிஎஸ்ஸை, அதாவது இந்தக் கரைந்த உப்பின் அளவை, அளந்து பார்த்துவிட்டு மெஷின் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால் கழிவுக் குழாயை ஒரு கேனில் விடுங்கள், வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ நல்ல தண்ணீர்தான். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு மண்ணில் தங்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே பழைய கட்டடம் உட்பட எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கப்பட்டது, எங்கள் கட்டடத்திலும் அதற்கான குழி இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் முழுக்க வண்டல். 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,80,000 லிட்டர். புரட்டாசி முடிவதற்குள் அந்தக் குழியின் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டுவிடுங்கள், வடகிழக்குப் பருவமழை வீணாகாது.

கடைசியாகத் தண்ணீர் மீட்டர். வீட்டுக்கு வீடு மீட்டர் போட்டால் மக்கள் தானாகக் குறைப்பார்கள் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன், இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் லாரிக்கு ஒரே காசு கொடுப்பது நியாயமும் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் போடுகிற ஒரு கம்பெனியை வரவழைத்தோம். போனில் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்குச் சொன்னார்கள், நேரில் வந்த பிறகு தொகை நாலு மடங்கானது. பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்பு கிடையாது. பாத்ரூம் இரண்டுக்கும் தனித்தனி டக்ட், சமையலறைக்கு ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று, ஆக வீட்டுக்கு நாலு மீட்டர், இருபது வீட்டுக்கு எண்பது. ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய், அதற்குமேல் மாதச் சந்தா வேறு. உங்கள் கட்டடத்துக்கு யாராவது விலை சொல்ல வந்தால் முதலில் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் தொட்டியிலிருந்து எத்தனை பைப் இறங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், எழுத்தில் வாங்குங்கள், அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்னொன்று, சக்கரம் சுற்றும் சாதாரண மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தில் கொஞ்சம் தின்றுவிடும். முதல் மாடிக்கு அது தெரியாது, தொட்டி நாலரை மீட்டர் உயரத்தில் மட்டும் இருக்கும் நாலாவது மாடியில் நன்றாகவே தெரியும். ஒலியலையை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் வகையில் அந்தத் தடை மிகக் குறைவு, உப்பில் சிக்கிக்கொள்ளும் சக்கரமும் இல்லை, ஆனால் விலை அதிகம்.

அதனால் எண்பது மீட்டர் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முக்கிய லைனுக்கும் ஒரு மீட்டர் மட்டும் போட்டோம். இதில் எந்த வீடு எவ்வளவு என்று தெரியாது, எந்த டக்ட் எவ்வளவு என்று தெரியும். வாட்ச்மேன் இரவு 12 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுகிறார், அந்த நேரத்தில் யாரும் அதிகம் புழங்குவதில்லை என்பதால் ஓடுவது பெரும்பாலும் கசிவுதான். பின்பக்க டக்ட்டில் அந்த நாலு மணி நேரத்தில் மற்ற லைன்களைவிட மூன்று மடங்கு ஓடியிருந்தது. வீடுகளில் எல்லா வாஷரும் மாற்றியாகிவிட்டது, கலர் பொடிப் பரிசோதனையும் முடிந்தது, ஆகவே கசிவு பைப்பில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது மாடி உயரத்தில் சுவர் எப்போதும் ஈரமாக, பாசி பிடித்திருக்கும் இடம் ஒன்று உண்டு, பிளம்பர் அண்ணா அங்கேதான் கை வைத்திருக்கிறார். அந்த லைன் முழுவதையும் துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறோம்.